நாற்காலியிலிருந்து எழுந்து பெட்டியைத் தூக்குவது வரை: கதாபாத்திரத்தின் உடலுக்கு எடை கொடுக்கும் முறை, படிப்படியாக

போஸ்கள் அழகாக இருக்கும், முகபாவத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது, கதாபாத்திரத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடான ரிக்கிலும் பழுது இருக்காது. ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் கதாபாத்திரம் காற்றடைத்த பையாக மிதந்துகொண்டிருக்கும். அனிமேஷன் கற்கத் தொடங்கிய பலரும் இந்த ஏமாற்றத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். நான் முதன்முதலில் செய்து காட்டிய நடைக் காட்சியைப் பார்த்த மேற்பார்வையாளர், "இவர் எந்தக் குளத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கைகளையும் முகத்தையும் இரண்டு வாரம் இழைத்து இழைத்துச் செய்திருந்தேன். இடுப்பு எங்கே இருக்கிறது, எந்தக் காலில் எடை நிற்கிறது என்பதை ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

பார்வையாளரின் கண் முதலில் பிடிப்பது அதைத்தான். 1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மனித உடலின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்து, மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிப் படம்பிடித்துக் காட்டினார். புள்ளிகள் அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அசையத் தொடங்கியதும் அது நடக்கும் மனிதர் என்று சட்டெனக் கண்டுகொண்டார்கள். 1981-இல் ரூனசனும் ஃப்ரிக்ஹோமும் இதே முறையில் ஒரு பெட்டியைத் தூக்கும் மனிதர்களைக் காட்டியபோது, அந்தப் பெட்டி எவ்வளவு கனமானது என்பதைக்கூடப் பார்வையாளர்களால் ஓரளவு சரியாக மதிப்பிட முடிந்தது. முகம் இல்லை, தசை இல்லை, பெட்டியின் எடையைக் காட்ட வேறு எந்தச் சாட்சியமும் இல்லை. மூட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு நகர்கின்றன என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது. அதே மூட்டுகளைத்தான் நாம் கீஃப்ரேம்களில், அதாவது போஸைக் குறித்துவைக்கும் ஃப்ரேம்களில், கையாள்கிறோம் என்பதால், நாம் செய்யும் பொய்யும் அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர், சற்றுத் தள்ளித் தரையில் ஒரு பெட்டி இருப்பதைக் கவனிக்கிறார். எழுந்து நான்கு அடி நடந்து போய், இலேசான பெட்டி என்று எண்ணி ஒரு கையால் இழுக்கிறார். பெட்டி அசையவில்லை. நிதானித்து, சரியாக நின்று, இரு கைகளாலும் தூக்கி, மூன்று அடி சுமந்து சென்று மேசைமேல் வைக்கிறார். வினாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் மொத்தம் 12 வினாடிகள், அதாவது 288 ஃப்ரேம்கள். எந்த மென்பொருளில் செய்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: கணினியைத் திறப்பதற்கு முன் இரண்டு எடைகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒன்று, பெட்டியின் உண்மையான எடை. மற்றொன்று, கதாபாத்திரம் மனத்தில் நினைத்திருக்கும் எடை. காலிப் பெட்டியை நிறைந்த பெட்டி என்று எண்ணித் தூக்கினால் அது கையோடு மேலே பறந்துவிடுவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். தூக்குவதற்கு முன் உடல் தயாராவது நினைத்த எடைக்கு; தூக்கத் தொடங்கிய பின் உடலுக்கு நேர்வது உண்மையான எடையால். பெரும்பாலான வகுப்புகளில் ஆன்டிசிபேஷன் என்பதைப் பெரிய அசைவுக்கு முன் வரும் எதிர்த்திசை அசைவு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதன் அளவைத் தீர்மானிப்பது கதாபாத்திரத்தின் எண்ணம் என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் உடலசைவு நடிப்பாகிறது. இந்த இரண்டு எடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் நம் காட்சியின் நகைச்சுவையும் உயிரும் இருக்கின்றன.

நம் கதாபாத்திரத்தின் எடை 70 கிலோ என்றும் பெட்டி 30 கிலோ என்றும், அவர் நினைத்திருப்பது 3 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் மனித உடலின் ஈர்ப்பு மையம் இடுப்பெலும்புப் பகுதியில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பெட்டியின் மையம் அதற்கு 35 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், இரண்டும் சேர்ந்த 100 கிலோவின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்துவிடும். பாதத்தின் நீளமே சுமார் 25 சென்டிமீட்டர்தான் என்பதால், உடலைப் பின்னால் சாய்க்காவிட்டால் எடை கால்விரல்கள் வரை போய்விடும், ஆள் முன்னால் சரிவார். கனமான பொருளைச் சுமக்கும் போஸில் முதுகை எவ்வளவு சாய்ப்பது என்று தடுமாறும்போது இப்படி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லாமல் போகும்.

இரண்டாம் படி: நீங்களே நடித்துப் பதிவு செய்யுங்கள், உண்மையான எடையோடு

ஓவியர்கள் நெடுங்காலமாகப் பாய்ந்தோடும் குதிரையை முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டிருக்க, அந்தரத்தில் பறப்பதாக வரைந்து வந்தார்கள். 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் எடுத்த படங்கள், குதிரையின் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் உண்டு, ஆனால் அது கால்கள் வயிற்றின் கீழ் குவிந்திருக்கும் கணம் என்று காட்டின. ஓயாமல் குதிரைகளைப் பார்த்து வரைந்தவர்களின் கண்ணே ஏமாந்த இடத்தில் நம் நினைவை நம்பிக் கீஃப்ரேம் போடுவது சரியல்ல.

கைபேசியில் எடுத்தாலே போதும். ஆனால் முன்பக்கமிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என இரண்டு கோணங்கள் வேண்டும், பாதங்கள் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும். காலி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கனமாக இருப்பதாகப் பாவனை செய்யாதீர்கள். பாவனை செய்யும்போது முகம் சிரமப்படுமே தவிர, இடுப்பும் பாதங்களும் உண்மையைச் சொல்லிவிடும். பெட்டிக்குள் புத்தகங்களை நிரப்பி, உங்களால் பாதுகாப்பாகத் தூக்க முடிந்த எல்லைக்கு அருகில் வையுங்கள்.

பதிவை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிப் பார்க்கும்போது கைகளைக் கடைசியில் பாருங்கள். எந்த ஃப்ரேமில் எந்தக் குதிகால் எழுகிறது, இடுப்பு மிகத் தாழ்ந்த இடமும் மிக உயர்ந்த இடமும் எவை, கண்கள் திரும்புவதற்கும் தலை திரும்புவதற்கும் இடையே எத்தனை ஃப்ரேம், பெட்டி தரையை விட்டு எழும்போது உடல் ஏற்கெனவே எவ்வளவு தூரம் எழுந்துவிட்டது ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் ரெஃபரன்ஸ். வீடியோவின்மேல் அப்படியே போஸ்களைப் படியெடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். மாக்ஸ் ஃப்ளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் இயந்திரம் அதைத்தான் செய்தது. ஆனால் படியெடுத்த அசைவு பெரும்பாலும் சாரமிழந்து நிற்கும். உண்மை உடலில் சதை குலுங்குவதும் துணி இழுபடுவதும் தரும் செய்திகள் எளிமையாக்கப்பட்ட நம் கதாபாத்திரத்தில் இல்லை; அந்த இழப்பை போஸ்களையும் டைமிங்கையும் சற்று அழுத்திக் காட்டித்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: பிளாக்கிங்கை இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

அசைவைக் கோடாகக் காட்டும் கர்வ்களை ஸ்டெப்டு நிலையில் (ஒரு போஸ் அசையாமல் நின்று அடுத்த போஸுக்குத் தாவும் நிலை) வைத்துக்கொண்டு, காட்சிக்கு இன்றியமையாத போஸ்களை மட்டும் முதலில் வையுங்கள்; இதுதான் பிளாக்கிங். நம் காட்சிக்குப் பதினைந்து முதல் இருபது போஸ்கள் போதும். ஒவ்வொரு போஸிலும் முதலில் இடுப்புக் கன்ட்ரோல் (ரிக்கில் இடுப்பை நகர்த்தும் பிடி), அடுத்து பாதங்கள், பிறகு முதுகெலும்பு, தலை, கைகள் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். கைகளிலிருந்து தொடங்கினால், பின்னர் இடுப்பை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கைகளைத் திரும்பச் சரிசெய்ய நேரும். அந்த அலுப்பினாலேயே இடுப்பை நகர்த்தாமல் விட்டுவிடுவீர்கள்.

கொத்தனார் சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டால் பார்ப்பதுபோல, ஒவ்வொரு போஸிலும் இடுப்பிலிருந்து ஒரு நூல் கீழே தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கதாபாத்திரம் நிலையாக நிற்கும் போஸ் என்றால் அந்த நூல் இரு பாதங்களுக்கு இடையிலோ ஒரு பாதத்தின்மேலோ விழ வேண்டும். வெளியே விழுந்தால் அவர் விழுந்துகொண்டிருக்கிறார், அல்லது அடுத்த அடி எடுத்துவைக்கப் போகிறார் என்று பொருள். இரண்டும் இல்லையென்றால் போஸ் தவறு. நன்றாகக் குனிந்த போஸிலும் சுமை தூக்கிய போஸிலும் மையம் இடுப்பை விட்டு முன்னால் போய்விடுவதால் நூலையும் அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு காலில் எடை நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்தும், அதே பக்கத்துத் தோள் தாழ்ந்தும், முதுகெலும்பு இலேசாக வளைந்தும் இருக்கும். இரு கால்களிலும் சரிபாதியாக எடையைப் பகிர்ந்து நிற்பவர்கள் நடைமுறையில் அரிது. ரிக்கின் தொடக்க நிலைதான் அப்படி நிற்கும்.

பிளாக்கிங்கை ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு போஸையும் நிறுத்தி, "இப்போது எடை எந்தக் காலில்?" என்று கேட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: நாற்காலியிலிருந்து எழுவது

இந்த ஒரு செயலை விரிவாகப் பார்ப்பது நல்லது. இதைச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றவை பாதி வந்துவிடும். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதங்களை முன்னால் நீட்டி அமர்ந்துகொண்டு, முன்னால் சாயாமல் எழுந்திருக்க முயன்று பாருங்கள். முடியாது. உட்கார்ந்திருக்கும்போது உடலின் எடையை நாற்காலி தாங்குகிறது. ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. அது பாதங்களின்மேல் வந்து சேரும்வரை கால்களால் உடலைத் தூக்க இயலாது. இதை அறியாத அனிமேட்டர் இடுப்பை நேராக மேலே உயர்த்துவார். கதாபாத்திரம் லிஃப்டில் ஏறியதுபோல எழுந்து நிற்கும்.

நம் காட்சியில் 20-ஆம் ஃப்ரேமில் கண்கள் பெட்டியை நோக்கித் திரும்புகின்றன. 22-இல் தலை தொடர்கிறது. 28 முதல் பாதங்கள் நாற்காலிக்கு அடியில் இழுக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றைவிட நான்கு ஃப்ரேம் பிந்தி வரட்டும், அவ்வாறின்றி இரண்டும் ஒரே ஃப்ரேமில் நகர்ந்தால் பொம்மலாட்டமாகிவிடும். 30-இல் உடல் இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் சாயத் தொடங்குகிறது. தலை முன்னும் கீழுமாக இறங்கி, மூக்கு ஏறக்குறைய கால்விரல்களுக்கு நேர்மேலே வந்து சேர்கிறது. 44-இல்தான் இடுப்பு இருக்கையை விட்டு எழுகிறது. அந்தக் கணத்தில் தலை இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும்; இடுப்பு எழுந்து சில ஃப்ரேம்கள் கழித்தே தலை மேல்நோக்கித் திரும்பும். பக்கவாட்டிலிருந்து மூக்கின் பாதையை வரைந்தால் அது தூண்டில் முள்ளின் வடிவில் இருக்கும்.

46 முதல் 62 வரை முழங்காலும் இடுப்பும் விரிகின்றன. தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் விரைவாக. இங்கேதான் வயது, சோர்வு, ஆர்வம் எல்லாம் நுழைகின்றன. இளைஞரின் இடுப்பு சாய்ந்த வேகத்திலேயே எழுந்துவிடும். வயதானவர் சாய்ந்து, கைகளைத் தொடைமேல் ஊன்றி, ஒரு கணம் நின்று, பிறகு எழுவார். சாய்வில் கிடைத்த வேகத்தை அந்த இடைநிறுத்தம் தின்றுவிடுவதால் கைகள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. நம் கதாபாத்திரம் பெட்டியை எடுக்கும் அவசரத்தில் இருப்பதால் முழுவதும் நிமிர்வதற்கு முன்பே, 60-ஆம் ஃப்ரேமிலேயே, முதல் அடியை எடுத்துவைக்கத் தொடங்குகிறார். நேராக நிமிர்ந்து நின்று, பிறகு நடப்பது அணிவகுப்பில் மட்டுமே அழகு.

ஐந்தாம் படி: நான்கு அடிகள்

நடையைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிகால் தரையைத் தொடும் போஸ், எடை இறங்கும் போஸ், ஒரு கால் மற்றொன்றைக் கடக்கும் போஸ், உடல் உயரும் போஸ் என்ற நான்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், அதாவது நிமிடத்துக்கு 120 அடிகள் என்பது வசதியான தொடக்கக் கணக்கு. நம் கதாபாத்திரம் பெட்டிக்கு அருகில் வந்து நிற்க வேண்டியிருப்பதால் நான்கு அடிகளும் முறையே 12, 12, 13, 15 ஃப்ரேம்கள் எடுக்கட்டும்.

பெரும்பாலோர் தவறவிடுவது முதல் அடிக்கு முந்தைய அசைவை. வலது பாதம் தரையை விட்டு எழுவதற்கு முன் எடை இடது பாதத்தின்மேல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனவே இடுப்பு நான்கைந்து ஃப்ரேம் முன்பே பக்கவாட்டில் நகரத் தொடங்க வேண்டும். இந்தச் சிறு நகர்வு இல்லாவிட்டால் பாதம் எப்படி எழுந்தது என்பதற்கே காரணம் இருக்காது. அதேபோல் நிற்கும்போது, கடைசிப் பாதம் ஊன்றிய ஃப்ரேமிலேயே உடலும் நின்றுவிடக் கூடாது. பாதம் நின்ற பிறகு இடுப்பு அதன்மேல் வந்து சேரும், அதன் பின் மார்பு, கடைசியில் கைகள் ஓயும்.

ஆறாம் படி: தூக்க முயன்று தோற்பதும், மறுபடி தூக்குவதும்

முதல் முயற்சி 3 கிலோவுக்கானது. ஆகவே பாதங்கள் பெட்டியிலிருந்து தள்ளி நிற்கின்றன, முழங்கால் அதிகம் மடங்கவில்லை, முதுகு மட்டும் வளைகிறது, ஒரு கைதான் நீள்கிறது. கண்கள் பெட்டியைவிட்டு ஏற்கெனவே மேசைப் பக்கம் திரும்பிவிட்டன. இந்த அலட்சியத்தைத் தெளிவாகக் காட்டாவிட்டால் அடுத்து வருவது பார்வையாளருக்குப் புரியாது.

கை பிடியைப் பற்றியதும் மேலே இழுக்கிறார். தோள் எழுகிறது, முழங்கை நீள்கிறது, மூன்று ஃப்ரேம்களில் கை முழுவதும் நேராகிவிடுகிறது. பெட்டி அசையவில்லை. இப்போது உடலின் வேகம் எங்காவது போயாக வேண்டும். பெட்டி அவரிடம் வராததால் அவர் பெட்டியிடம் போகிறார்: எழத் தொடங்கிய மார்பு சடாரெனக் கீழே இழுபடுகிறது, தோள் பெட்டியை நோக்கி நீள்கிறது, பின்பாதத்தின் குதிகால் எழுகிறது, தலை ஓரிரு ஃப்ரேம் பிந்தி ஆடி அடங்குகிறது. இந்த இழுப்பு நான்கு ஃப்ரேமுக்குள் முடிந்துவிட வேண்டும். இதை எட்டு ஃப்ரேமாக நீட்டிப் பாருங்கள்; பெட்டி கனமாக இருப்பதாகத் தோன்றாது, அவருக்கே குனிய ஆசை வந்ததாகத் தோன்றும்.

பிறகு ஏறக்குறைய ஒரு வினாடி இடைவெளி. கை இன்னும் பிடியிலேயே இருக்கட்டும். கண்கள் மேசையிலிருந்து பெட்டிக்கு இரண்டு ஃப்ரேம்களில் தாவுகின்றன, ஓர் இமைப்பு, அதன்பின் தலை மெதுவாகத் திரும்புகிறது. இந்த இடத்தில் அசைவுகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எழும், அடக்கிக்கொள்ளுங்கள். மார்பில் மூச்சு ஏறி இறங்குவது போதும்.

இரண்டாம் முயற்சி 30 கிலோவுக்கானது என்று உடலே அறிவிக்க வேண்டும். பாதங்கள் பெட்டியை நெருங்கி, அகலமாக ஊன்றுகின்றன. இடுப்பு நன்றாகத் தாழ்கிறது, முதுகு நேராகிறது, இரு கைகளும் பெட்டியின் அடியில் நுழைகின்றன. தூக்குவதற்கு முன் இடுப்பு இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துகிறார். இனித் தரையை உதைப்பது கால்கள். இடுப்பு எழத் தொடங்கி ஐந்தாறு ஃப்ரேம்கள் வரை பெட்டி அசையக் கூடாது. அந்த நேரத்தில் கைகள் இழுபட்டு நீள்கின்றன, தோள்கள் கீழே இழுக்கப்படுகின்றன. பெட்டியின் ஒரு மூலை முதலில் எழட்டும், இரண்டு மூன்று ஃப்ரேம் கழித்து மறு மூலை. முதல் எட்டு ஃப்ரேம்களில் பெட்டி சில சென்டிமீட்டர்தான் ஏறும். அதற்குப் பிறகே வேகம் பிடிக்கும். ஒரே விசைக்கு, நிறை அதிகமுள்ள பொருளின் முடுக்கம் குறைவு என்பது பள்ளியில் படித்த விதி. அது கர்வின் முதல் சரிவில் தெரிய வேண்டும். அதே விதிப்படி, வேகம் பிடித்த பெட்டி உடனே நிற்கவும் செய்யாது. இடுப்பு உயரத்தைத் தாண்டிச் சற்று மேலே போய், பிறகு இறங்கி, வயிற்றோடு அணைந்து நிற்கும். முதல் படியில் கணக்கிட்ட பின்சாய்வு இப்போது வருகிறது: மார்பு பின்னால், இடுப்பு முன்னால்.

சுமந்து நடக்கும் மூன்று அடிகள் குட்டையானவை, விரைவானவை. ஓர் அடிக்கு ஒன்பது அல்லது பத்து ஃப்ரேம். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தைக் குறைக்க உடல் விரும்புவதால் பாதங்கள் தரையை உரசுவதுபோலத்தான் நகரும். கனத்தைக் காட்டுவதற்காக நடையை மிக மெதுவாக்குவது பரவலான தவறு. அவ்வாறு செய்தால் சுமை கனமாகத் தெரியாது, கதாபாத்திரம் பதுங்கிச் செல்வதாகத் தெரியும்.

மேசைமேல் வைக்கும்போது பெட்டியின் விளிம்பு முதலில் தொடுகிறது, பிறகு அடிப்பாகம் அமர்கிறது. அந்த நொடியில் 30 கிலோ உடலிலிருந்து நீங்குகிறது. பின்னால் சாய்ந்திருந்த மார்பு முன்னால் வந்து சமநிலைக்குத் திரும்ப வேண்டும், தோள்கள் உயர வேண்டும், அடக்கிய மூச்சு வெளியேற வேண்டும். எடை ஏறுவதைக் கவனமாகச் செய்யும் பலர் எடை இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். அப்போது மேசையில் இருக்கும் பெட்டியை அவர் இன்னும் சுமந்துகொண்டிருப்பதுபோல நிற்பார்.

ஏழாம் படி: ஸ்ப்ளைனுக்கு மாற்றிய பிறகு கிராஃப் எடிட்டரில் செய்ய வேண்டியவை

ஸ்டெப்டு நிலையில் உயிரோடு இருந்த காட்சி, போஸ்களுக்கு இடையிலுள்ள ஃப்ரேம்களைக் கணினியே நிரப்பும் ஸ்ப்ளைனுக்கு மாறியதும் குழைந்த களிபோல ஆகிவிடும். மனம் தளர வேண்டாம். இரண்டு போஸ்களுக்கு இடையே எதையும் யோசிக்காமல் சராசரி எடுப்பதுதான் கணினியின் வேலை. ஸ்ப்ளைனுக்குப் போவதற்கு முன், நான்கு ஃப்ரேமுக்கு ஒன்று என்ற அளவுக்காவது இடைப்போஸ்களை நீங்களே வைத்துவிட்டால் இந்தக் குழைவு பெருமளவு குறையும்.

முதலில், கர்வ்களைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இடுப்பின் மேல்கீழ் கர்வை மட்டும் திறந்து சரிசெய்யுங்கள். தரையை விட்டு எழுந்த எதுவும் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. அங்கே விருப்பத்துக்கு இடமில்லை. ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள் 24 ஃப்ரேம் கணக்கில் 3 ஃப்ரேமில் சுமார் 8 சென்டிமீட்டரும், 6 ஃப்ரேமில் 31 சென்டிமீட்டரும், 9 ஃப்ரேமில் 69 சென்டிமீட்டரும், 12 ஃப்ரேமில் 122 சென்டிமீட்டரும் விழுந்திருக்கும். மூன்று மூன்று ஃப்ரேமாகப் பார்த்தால் இடைவெளிகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் விரியும். கிராஃபில் இது பரவளையம். பெட்டி கைநழுவி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டுமானால் 11 ஃப்ரேம்தான் ஆகும். பழகாதவர்கள் 20 ஃப்ரேம் கொடுப்பார்கள். 20 ஃப்ரேமில் உண்மையில் 3.4 மீட்டர் விழும் என்பதால், பார்ப்பவருக்கு ஒன்று பெட்டி மிதக்கும், அல்லது கதாபாத்திரம் பூதமாகத் தெரியும். பூதத்தை அனிமேட் செய்பவர்களுக்கு இதுவே வழி: உயரம் நான்கு மடங்கானால் விழும் நேரம் இரண்டு மடங்கு.

அடுத்து பாதங்கள். ஊன்றிய பாதம் வழுக்கினால் அதுவரை செய்த எதுவும் எடுபடாது. பாதத்தை நகர்த்தினால் முழங்கால் தானாக மடங்கும் ஐகே காலில் அந்த முழங்கால் முழுவதும் நேராகிச் சட்டெனத் துள்ளினால் அதற்கு இடுப்பு தேவைக்கு மேல் உயர்ந்திருப்பதோ தொலைவில் இருப்பதோதான் பெரும்பாலும் காரணம். காலைத் திருத்தாதீர்கள், இடுப்பைச் சற்றுத் தாழ்த்துங்கள் அல்லது குதிகாலை முன்னதாக எழுப்புங்கள். மணிக்கட்டு, மூக்கு, இடுப்பு ஆகிய மூன்றின் பாதைகளையும் திரையில் வரையச் செய்து, உடைந்து நிற்கும் இடங்களைத் தேடுங்கள்.

உடலின் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரிரு ஃப்ரேம் பிந்தி நகர வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டு, கீஃப்ரேம்களை மொத்தமாகப் பிடித்து இரண்டு இரண்டு ஃப்ரேமாகத் தள்ளிவிடுவது எளிய வழிதான், ஆனால் உடல் சவுக்குபோல நெளியத் தொடங்கிவிடும். எது எதை இழுக்கிறது என்பதைக் காட்சிதோறும் கேட்க வேண்டும். நடக்கும்போது இடுப்பு முந்துகிறது, கைகள் தொடர்கின்றன. பெட்டியை எட்டும்போது கை முந்துகிறது, தோள் தொடர்கிறது. பெட்டியைப் பற்றிய பிறகு கைகள் பெட்டிக்குக் கட்டுப்பட்டவை. அங்கே மணிக்கட்டுக்குத் தனியாக ஆடும் உரிமை கிடையாது.

எட்டாம் படி: முகம், மூச்சு

இதை இறுதிக்கு ஒதுக்குவதற்குக் காரணம், உடல் சரியாக அமைந்தால் முகத்தில் செய்ய வேண்டியது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதே. கண்கள் தாவ இரண்டு மூன்று ஃப்ரேம் போதும். தலை பெரிதாகத் திரும்பும்போது இடையில் ஓர் இமைப்பு இருந்தால் இயல்பாக இருக்கும். சிரமத்தின் முகபாவம் கால்கள் உதைக்கத் தொடங்கும்போது வர வேண்டும், குனியும்போதே வந்துவிடக் கூடாது.

ஒன்பதாம் படி: சோதித்துப் பார்ப்பது

காட்சியை இடவலமாகப் புரட்டி ஓட்டிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வுகள் அப்போது தெரியும். மேலுடலை ஓர் அட்டையால் மறைத்து, இடுப்பையும் பாதங்களையும் மட்டும் பாருங்கள். கதை அப்போதும் ஏறக்குறைய விளங்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது யோஹான்சனிடமிருந்து கடன்வாங்கிய சோதனையைத்தான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய ஆறு மூட்டுகளிலும் இருபுறமும் சிறு கோளங்களைப் பொருத்துங்கள். மொத்தம் பன்னிரண்டு. பிறகு கதாபாத்திரத்தையும் பெட்டியையும் மறைத்துவிட்டு, கருப்புப் பின்னணியில் அந்தக் கோளங்களை மட்டும் ஓட்டி, காட்சியை முன்பு பார்க்காத ஒருவரிடம் காட்டி, கதாபாத்திரம் தூக்குவது எவ்வளவு கனம் என்று கேளுங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது என் நண்பர், தூக்கும் வரை கனமாக இருந்தது, நடக்கத் தொடங்கியதும் பெட்டி காலியாகிவிட்டது என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன்: ஒவ்வோர் அடியிலும் மணிக்கட்டுகள் இடுப்போடு அதே ஃப்ரேமில் இறங்கி அதே ஃப்ரேமில் ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல்கீழ் கர்வை இரண்டு ஃப்ரேம் பிந்த வைத்து, ஒவ்வொரு பாதம் ஊன்றிய பின்னும் அது ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழும்படி செய்து, மறுபடி அவரையே கூப்பிட்டேன். இந்த முறை அவர் எடையைச் சொல்லவில்லை. கோளங்கள் மேசையருகே வந்ததும், "மெல்ல, மெல்ல" என்றார்.